வயது ஒரு காரணமா? முதுமையியலின் காலக் கருத்து மீது ஒரு விமர்சனம்

வயது கூடக்கூட நினைவாற்றல் குறைகிறது. வயது கூடக்கூட மனிதர் சமூகத்திலிருந்து ஒதுங்குகின்றனர். வயது கூடக்கூடப் புதிய மொழி கற்பது கடினமாகிறது. முதுமை பற்றிய ஆய்வுகளிலும் அவற்றைச் சுருக்கித் தரும் பத்திரிகைச் செய்திகளிலும் இந்த வகையான வாக்கியங்களை நாம் திரும்பத் திரும்ப வாசிக்கிறோம். இவற்றில் காரணமாக நிறுத்தப்படுவது நோயோ வறுமையோ போரோ அல்ல; வயது. ஆனால் வயது என்பது என்ன? ஒருவர் பிறந்த பின் பூமி சூரியனை எத்தனை தடவை சுற்றி வந்திருக்கிறது என்ற கணக்கு மட்டுமே. பூமியின் சுற்று எவருடைய முழங்காலையும் தேய்ப்பதில்லை. எவருடைய சொற்களையும் பறிப்பதில்லை. அந்தச் சுற்றுக்களின் போது நடந்தவையே அவற்றைச் செய்கின்றன.

அளக்கும் கோல் அளக்கப்படும் பொருளுக்குக் காரணமாகிவிடும் இந்த மயக்கத்தை டச்சு மெய்யியலாளர் யான் பார்ஸ் நீண்ட காலமாகச் சுட்டிக்காட்டி வந்துள்ளார். 2012 இல் வெளிவந்த அவரது 'முதுமையடைதலும் வாழும் கலையும்' என்ற பொருள்படும் ஆங்கில நூலும் இதை விரிவாகப் பேசுகிறது. இதனை மெய்யியலாளர்களின் நுண்ணிய பிணக்கு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் ஒரு விளைவுக்கு முன்னால் 'வயது' என்று எழுதும்போது அங்கு எழுதப்பட்டிருக்க வேண்டிய வேறொரு காரணம் அழிபடுகிறது. அழிபடுவது பெரும்பாலும் வரலாறு. வரலாற்றினாலேயே இந்த நாடுகளுக்கு வந்து சேர்ந்து, இப்போது இங்கேயே முதுமையடைந்து கொண்டிருக்கும் எமக்கு இது சிறிய விடயமல்ல.

1

வயது ஓர் எண் என்பது எப்போதும் இருந்த புரிதலல்ல. எமது பேச்சுமொழியே அதற்குச் சாட்சி. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்பிள்ளை 'வயதுக்கு வருகிறாள்'. ஒரு கிழவர் 'வயது போனவர்'. இரண்டிலும் எண் இல்லை. வயது என்பது வந்து சேர்கிற, பின் போய்விடுகிற ஒன்று. உடலிலும் ஊரார் பார்வையிலும் நிகழும் மாற்றம்.

ஐரோப்பாவில் எண்ணை மையத்துக்குக் கொண்டுவந்தவை புள்ளிவிபரவியலும் அரசும். பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ப் கெற்லே 'சராசரி மனிதன்' என்ற கருத்தை 1835 இல் முன்வைத்தபோது உயரம், நிறை, உடற்பலம், குற்றச்செயல் ஆகிய அனைத்தும் வயதின்படி அட்டவணையாயின. 1889 இல் பிஸ்மார்க்கின் யேர்மனி முதியோர் காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் குறிக்கப்பட்ட வயது 70. 65 ஐ பிஸ்மார்க்கே தீர்மானித்தார் என்ற கதை பரவலாக இருந்தாலும், யேர்மனி அந்த எண்ணுக்கு இறங்கியது 1916 இல். பிஸ்மார்க் இறந்து 18 ஆண்டுகளின் பின். அமெரிக்கா 1935 இல் தன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் 65 ஐ எடுத்துக்கொண்டது. எந்த உயிரியல் உண்மையும் இந்த எண்களைப் பரிந்துரைக்கவில்லை. கருவூலக் கணக்கும் தொழிற்சந்தையின் தேவையும் அரசியற் பேரமும் சேர்ந்து கீறிய கோடுகள் இவை.

முதுமையியல் என்ற துறைக்குப் பாரிசில் எலி மெச்னிகோவ் பெயரிட்டது 1903 இல். முதியோர் மருத்துவத்துக்கு நியூ யோர்க்கில் இக்னாற்ஸ் நாஷர் பெயரிட்டது 1909 இல். மெச்னிகோவ் முதுமைக்கான காரணத்தைக் குடலில் வாழும் நுண்ணுயிர்களின் நச்சில் தேடினார். அவரது விடை நிலைக்கவில்லை. ஆனால் தேடலின் திசை சரியானது: அவர் காலத்தினுள் செயற்படும் ஒன்றைத் தேடினார். பின்வந்த ஆய்வுகளிற் பல இந்தச் சிரமத்தை எடுக்கவில்லை. அரசு கீறிய கோட்டுக்கு அப்பால் நின்றவர்களை 'முதியோர்' என்ற ஆய்வுப் பொருளாக ஏற்றுக்கொண்டு, அவர்களிடம் காணப்பட்டதையெல்லாம் முதுமையின் இயல்பு என்று எழுதின.

2

இதன் விலை என்ன என்பதற்கு மிகத் தெளிவான உதாரணம் அறிவாற்றல் ஆய்வுகளின் வரலாறு. 20 ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இருபது, நாற்பது, அறுபது வயதினருக்கு ஒரே காலத்தில் ஒரே சோதனையை வைத்துப் புள்ளிகளை ஒப்பிட்டனர். மூத்தவர்கள் குறைவாகப் பெற்றனர். ஆகவே இருபதுகளுக்குப் பின் மனித அறிவு தேயத் தொடங்குகிறது என்று முடிவு கட்டப்பட்டது. 1956 இல் வார்னர் ஷாய் சியாற்றில் நகரில் தன் ஆய்வைத் தொடங்கி, ஏழு ஆண்டுகளின் பின் 1963 இல் அதே மனிதர்களை மீண்டும் தேடிச் சென்று சோதித்தார். வேறுவேறு ஆட்களை ஒப்பிட்டபோது காணப்பட்ட பெரிய சரிவு, ஒரே ஆளைத் தொடர்ந்து பார்த்தபோது பெரும்பகுதி காணாமற்போனது. பல ஆற்றல்கள் அறுபதுகள் வரை பெரிய மாற்றமின்றி நின்றன. அதற்குப் பின் சரிவு இருக்கவே செய்தது. ஆனால் அது ஆளுக்கு ஆள், ஆற்றலுக்கு ஆற்றல் வேறுபட்டது.

காணாமற்போன சரிவு எங்கிருந்து வந்தது? 1956 இல் அறுபது வயதானவர் 1896 இல் பிறந்தவர். அவருக்குக் கிடைத்த பாடசாலை வேறு, மருத்துவம் வேறு, சோதனைத்தாள் என்ற பொருளுடனான பழக்கம் வேறு. இழந்துவிட்டார் என்று சொல்லப்பட்ட ஒன்றை அவர் முதலிலேயே பெற்றிருக்கவில்லை. அநீதியான கல்விப் பங்கீடு ஒன்று மூளையின் தேய்வு என்று பதிவாகியிருந்தது.

ஒரே ஆளைத் தொடர்வதால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடாது. ஒருவரது வயது, அவர் பிறந்த ஆண்டு, ஆய்வு நடக்கும் ஆண்டு ஆகிய மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாகவே தீர்மானமாகிவிடும். ஆகவே ஒரு மாற்றத்தில் வயதுக்கு எவ்வளவு பங்கு, பிறந்த தலைமுறைக்கு எவ்வளவு, நடக்கும் காலத்துக்கு எவ்வளவு என்று தரவுகளிலிருந்து மட்டும் பிரித்தெடுக்க எந்தக் கணிதத்தாலும் முடியாது. ஆய்வாளர் வெளியிலிருந்து ஓர் எடுகோளைக் கொண்டுவந்தே ஆகவேண்டும். அந்த எடுகோள் எப்போதும் காலத்தைப் பற்றிய ஒரு கருத்து. அதை வெளிப்படையாக வைக்காதவர் அதை ஒளித்து வைக்கிறார்.

கிளென் எல்டர் 1974 இல் வெளியிட்ட பெருமந்தக் காலப் பிள்ளைகள் பற்றிய நூலும் அதன் பின்னான ஒப்பீடுகளும் இன்னொரு திசையைக் காட்டின. ஒக்லாந்தில் 1920-21 இல் பிறந்த பிள்ளைகளும் பேர்க்லியில் 1928-29 இல் பிறந்த பிள்ளைகளும் ஒரே பொருளாதார வீழ்ச்சியைச் சந்தித்தனர். பதின்ம வயதுக்குள் நுழைந்துகொண்டிருந்தபோது அதைச் சந்தித்தவர்களை விட, சிறு குழந்தைகளாக இருந்தபோது சந்தித்தவர்களில், குறிப்பாக ஆண்பிள்ளைகளில், தழும்பு ஆழமாக இருந்தது. இங்கு வயது தனியாக நின்று எதையும் விளக்கவில்லை. ஒரு வரலாற்று நிகழ்வு ஒரு வாழ்க்கையை எந்த இடத்தில் வெட்டியது என்பதே விளக்குகிறது.

இதை எமது நிலைக்குப் பொருத்திப் பார்ப்போம். 1983 யூலையில் 25 வயதாயிருந்த ஒருவர் 1958 இல் பிறந்தவர். 2023 இல் அவர் 65 ஐ அடைந்தார். அதே யூலையில் ஐந்து வயதாயிருந்தவருக்கு 2023 இல் 45. ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ இந்த இருவரையும் ஒப்பிட்டு, மூத்தவரின் தூக்கமின்மையையும் தனிமையையும் மொழித் தயக்கத்தையும் 'வயது காரணமான வேறுபாடு' என்று எழுதும் ஆய்வு 1958 ஐத் தரப்படுத்தலுடனும், 1983 ஐ எரிந்த வீடுகளுடனும், அதன் பின்னான ஆண்டுகளை அகதி விண்ணப்பங்களுடனும் இணைக்காது போனால், அது தன் பொருளையே தவறவிட்டுவிடுகிறது. தலைமுறை என்பது பிறந்த ஆண்டின் தற்செயல் மட்டுமல்ல, ஒரு பொது விதியில் பங்கெடுப்பது என்று கார்ல் மன்ஹைம் 1928 இலேயே வாதிட்டிருந்தார். பின்னர் அவரே நாஸிகளால் யேர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது.

3

உளவியலில் இது நடக்கலாம், உடலில் காலம் உண்மையாகவே ஓடுகிறதல்லவா என்று கேட்கலாம். உடல் மாறுகிறது என்பதை எவரும் மறுக்கவில்லை. அது நாட்காட்டியின் வேகத்தில் மாறுகிறதா என்பதே கேள்வி.

1992 இல் ஆர்லின் ஜெரோனிமஸ் அமெரிக்கத் தாய்மாரின் தரவுகளை ஆராய்ந்தார். வெள்ளை இனப் பெண்களிடையே பதின்ம வயதுத் தாய்மாரின் குழந்தைகளை விட இருபதுகளிலுள்ள தாய்மாரின் குழந்தைகள் நன்கு பிழைத்தன. கறுப்பினப் பெண்களிடையே இந்த ஒழுங்கு தலைகீழாக இருந்தது. இருபதுகளுக்குள் போகப்போக ஆபத்துக் கூடியது. வெயிலிலும் மழையிலும் விடப்பட்ட மரம் போல உடல் தேய்கிறது என்ற பொருளில் அவர் இதற்குப் பெயரிட்டார். இனவாதத்துடனும் பற்றாக்குறையுடனும் நாளாந்தம் மல்லுக்கட்டிய உடலில் அதே இருபத்தைந்து ஆண்டுகள் வேறு இருபத்தைந்து ஆண்டுகள்.

நாட்காட்டியிலிருந்து தப்பிக்க உயிரியலாளர்கள் 'உயிரியல் வயது' ஒன்றைத் தேடினர். 2013 இல் ஸ்டீவ் ஹோர்வத் மரபணுப் பொருளின் 353 இடங்களில் ஏற்படும் இரசாயன மாற்றத்தைக் கொண்டு ஒருவரது வயதைக் கணிக்கும் முறையை வெளியிட்டார். வியக்கத்தக்க சாதனை. ஆனால் அந்தக் கடிகாரம் பழக்கப்பட்டது எதைக் கொண்டு? நாட்காட்டி வயதைக் கொண்டே. அது ஒருபோதும் பிழைக்காத கடிகாரமாக இருந்திருந்தால் பிறப்புச் சான்றிதழுக்கு மேல் ஒன்றையும் சொல்லியிருக்காது. அது பிழைக்கும் இடத்தில்தான், கணித்த வயதுக்கும் பிறந்த வயதுக்கும் இடையிலான இடைவெளியில்தான், அறிய வேண்டியது இருக்கிறது. பின்னர் 2018 இலும் 2019 இலும் வந்த புதிய கடிகாரங்கள் நாட்காட்டியை விட்டு நோய்க்குறிகளையும் மரணத்தையும் அளவுகோலாகக் கொண்டன. அவற்றின் விடையும் 'ஆண்டுகள்' என்ற அலகிலேயே வருகிறது என்பது கவனத்துக்குரியது. தப்பியோடியவர் அதே வீட்டுக்குத் திரும்பி வருகிறார்.

எலும்பில் காலத்தை வாசிக்கும் இந்த நம்பிக்கையை அகதிகள் வேறொரு வாசலில் சந்தித்திருக்கிறார்கள். தனியாக வந்த சிறுவர்கள் உண்மையில் சிறுவர்களா என்று தீர்மானிக்க ஐரோப்பிய நாடுகள் பல பாவித்து வந்த கை எலும்பு எக்ஸ்றே அளவுகோல், கிறொய்லிச்சும் பைலும் 1950 இல் வெளியிட்டு 1959 இல் திருத்திய படத்தொகுப்பு. அதிலுள்ள கைகள் ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் 1930 களை ஒட்டிய ஆண்டுகளில் வளர்ந்த, வசதியான வெள்ளை இனப் பிள்ளைகளுடையவை. பட்டினியிலும் போரிலும் வளர்ந்த கையொன்று அந்தப் படத்துடன் ஒத்துப்போகாதபோது பொய்யன் என்ற பெயர் சிறுவனுக்கு வந்தது. முதுமையின் மறுமுனையில் நடக்கும் இந்தச் சம்பவம் அதே கருத்தியலின் வெளிப்பாடு: காலம் எல்லா உடல்களிலும் ஒரே வேகத்தில் ஓடுகிறது, பிந்தினாலும் முந்தினாலும் குற்றம் உடலினுடையது.

4

இந்த வெறுமையான காலத்தின் மீது கட்டப்பட்ட கோட்பாடுகள் ஒன்றுக்கொன்று எதிரானவையாகத் தோன்றினாலும் ஒரே இடத்தில் நிற்கின்றன. 1961 இல் கமிங்கும் ஹென்றியும் கன்சாஸ் நகரத் தரவுகளைக் கொண்டு, முதியவர் சமூகத்திலிருந்து விலகுவதும் சமூகம் அவரை விடுவிப்பதும் இயற்கையான, எங்கும் பொதுவான நிகழ்வு என்றனர். 1987 இல் றோவும் கானும் 'வெற்றிகரமான முதுமை' என்றனர்: நோயின்றி, உடலும் மனமும் திறம்பட இயங்கி, வாழ்க்கையில் ஈடுபாட்டுடன் இருப்பவர் வெற்றி பெற்றவர். முதலாவது கோட்பாடு ஒதுக்கப்பட்டவரை ஒதுங்கியவர் என்கிறது. இரண்டாவது தேய்க்கப்பட்டவரைத் தோற்றவர் என்கிறது. உணவகத்தின் பின்கட்டில் முப்பது ஆண்டுகள் பாத்திரம் கழுவிய ஒருவரின் முதுகு, இந்த இரண்டாவது கணக்கில், அவரது தனிப்பட்ட தோல்வி.

பெர்னிஸ் நியூகார்ட்டனின் 1960 களின் ஆய்வுகள் கூடுதல் நேர்மையானவை. எப்போது படிப்பது, எப்போது மணம் முடிப்பது, எப்போது ஓய்வது என்பதற்குச் சமூகம் ஒரு கடிகாரத்தை வைத்திருக்கிறது. மனிதர் தம்மை 'நேரத்துக்கு' அல்லது 'பிந்தி' என்று அதன்படி மதிப்பிடுகின்றனர் என்று அவர் காட்டினார். அகதி இந்தக் கடிகாரத்தில் எப்போதும் பிந்தியவர். நாற்பதில் மொழி வகுப்பு, ஐம்பதில் முதல் வீடு. அத்துடன் அவரது ஆண்டுகள் எல்லாம் ஒரே கணக்கில் வருவதுமில்லை. கனடாவின் முதியோர் ஓய்வூதியத்தின் பொது விதியைப் பாருங்கள்: 18 வயதுக்குப் பின் அந்நாட்டில் வாழ்ந்த ஆண்டுகள் 40 ஆனால் முழுத்தொகை, குறைந்தது 10 வேண்டும். 45 வயதில் வந்து சேர்ந்தவருக்கு 65 இல் இருப்பது 20 ஆண்டுகள்; ஆகவே பாதி. அவரை முதியவராக்குவதற்கு 65 ஆண்டுகளும் எண்ணப்படுகின்றன. அவருக்குக் கொடுப்பதற்கு 20 மட்டுமே எண்ணப்படுகின்றன. காலம் நடுநிலையானது என்று நம்புபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

5

இவ்வளவையும் மேற்கின் நோய் என்று சொல்லி, எமது 'சுழற்காலத்தை' மாற்றாக முன்வைப்பது இலகுவானது. அது தவறானதும் கூட. அறுபது ஆண்டுச் சுழற்சி முடிந்து பிறந்த வருடத்தின் பெயர் திரும்பி வருவதை மணிவிழாவாகக் கொண்டாடுகிறோம். ஆனால் யாருடைய அறுபது? கணவனுடையது. மனைவியின் ஆண்டுகளுக்குச் சடங்கு இல்லை. கணவனை இழந்தவளுக்கு விழாவே இல்லை. வாழ்க்கையை நான்கு ஆச்சிரமங்களாக வகுத்த திட்டமும் உயர்சாதி ஆணின் வாழ்க்கையை மனித வாழ்க்கை என்று பெயரிட்ட திட்டமே. வயலில் கூலிக்கு நின்றவளுக்கு வனம் புகும் பருவம் எப்போது வந்தது?

இதைவிட வலுவான இன்னொரு காலக் கருத்து எமது கூட்டங்களிலும் சஞ்சிகைகளிலும் உலவுகிறது: ஊரில் அன்று கூட்டுக்குடும்பம், முதியோருக்கு மரியாதை, இங்கு இன்று தனிக்குடும்பம், முதியோர் இல்லம். இந்த 'அன்று - இன்று' கதை எமது சொந்தக் கண்டுபிடிப்பல்ல. நவீனமாதல் முதியோரின் அந்தஸ்தைக் குறைக்கிறது என்று 1972 இல் கவ்கிலும் ஹோம்ஸும் கோட்பாடாக்கியது இதையே. வடமேற்கு ஐரோப்பாவில் கைத்தொழில்மயமாதலுக்கு முன்பே தனிக்குடும்பம் வழமையாக இருந்தது என்று பீற்றர் லாஸ்லெற்றும் அவரது குழுவினரும் காட்டியபோது இந்தக் கோட்பாட்டின் முதற்காலே ஆட்டம் கண்டது. வாரணாசியில் ஆய்வு செய்த லோரன்ஸ் கோஹன், 1998 இல் வெளிவந்த தன் நூலில், இந்திய முதுமையியல் கூட்டுக்குடும்பத்தின் வீழ்ச்சி என்ற கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வதையும், அது நடுத்தர வர்க்கத்தின் கவலை என்பதையும் காட்டினார். தலித் குடியிருப்பில் முதியவரின் நிலை 'கெட்ட குடும்பத்தை' விட உடலின் பலவீனம் என்ற மொழியிலேயே பேசப்பட்டது. அந்தப் பலவீனத்துக்குப் பின்னால் நின்றது உழைப்பும் பசியும்.

எமது 'அன்று'ம் இப்படித்தான். அந்த மரியாதை எவருடைய உழைப்பில் நின்றது? மருமகளின் உழைப்பில். எவருக்குக் கிடைத்தது? காணி உறுதியைக் கையில் வைத்திருந்தவருக்கு. மேற்கின் நேர்கோடு வரலாற்றை அழிப்பது போலவே எமது பொற்காலமும் அழிக்கிறது. முதலாவது எண்ணினால், இரண்டாவது ஏக்கத்தினால்.

6

அப்படியானால் முதியவர் தானே வாழும் காலத்தை எப்படிப் பேசுவது? இங்கு ஓர் அகதியின் நூல் எமக்கு உதவுகிறது. ஜான் அமேரி 1912 இல் வியன்னாவில் ஹன்ஸ் மையராகப் பிறந்தவர். 1938 இல் ஆஸ்திரியா நாஸி யேர்மனியுடன் இணைக்கப்பட்டதன் பின் பெல்ஜியத்துக்குத் தப்பியவர். 1943 இல் பிடிபட்டுச் சித்திரவதைக்கு உள்ளாகி, அவுஷ்விற்சுக்கு அனுப்பப்பட்டு உயிர் மீண்டவர். முதுமையடைதல் பற்றி அவர் 1968 இல் எழுதிய நூல், இளையவர் தன் முன்னால் காலம் இருக்கிறது என்று சொல்லும்போது உண்மையில் அவர் முன்னால் இருப்பது உலகம் என்கிறது. முதியவருக்கு உலகம் சுருங்கி, காலம் அவருக்குள் திரண்டு கிடக்கிறது. 1966 இல் வெளியான, மனிதனுக்கு எவ்வளவு தாயகம் வேண்டும் என்று கேட்கும் கட்டுரையில் அவர் இதன் மறுபக்கத்தை ஏற்கனவே எழுதியிருந்தார். இளையவர் வரப்போகும் தன்னைக் காட்டிக் கடன் வாங்கலாம். முதியவர் தான் இருந்ததை வைத்தே வாழவேண்டும். அகதியாக்கப்பட்டவரிடம் அந்த இறந்தகாலமே பறிக்கப்பட்டிருக்கிறது. அவர் யாராக இருந்தார் என்பதை அறிந்தவர் எவரும் அந்தத் தெருவில் இல்லை.

அமேரியின் முதியவர் பெரும்பாலும் படித்த, தனித்த ஐரோப்பியர் என்பது அவரது எல்லை. இரண்டு ஆண்டுகளின் பின், 1970 இல், சிமோன் டி பூவா முதுமை பற்றிய தன் பெருநூலில் வர்க்கத்தை நடுவில் வைத்து அந்த எல்லையைக் கடந்தார். உழைப்பாளியின் முதுமை அவன் உழைத்த விதத்தில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது என்பதே அவரது வாதத்தின் சாரம். இவர்கள் இருவரையும் சேர்த்து வாசிக்கும்போதுதான் வாழப்பட்ட காலமும் வரலாற்றுக் காலமும் ஒன்றையொன்று விளக்குகின்றன.

றொபேட் பட்லர் 1963 இல் முன்வைத்த 'வாழ்க்கையை மீளப்பார்த்தல்' என்ற கருத்துக்கு இன்று முதியோர் பராமரிப்பில் இடமுண்டு. முதியவரின் பழங்கதை மூளைத் தளர்ச்சியின் அடையாளமல்ல, தேவையான மனவேலை என்று அவர் வாதிட்டது முக்கியமான திருப்பம். ஆயினும் அந்த வேலை நல்லபடி முடிந்தால் பழைய முரண்கள் இணங்கி வாழ்க்கைக்கு ஓர் ஒருமை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பும் அதனுடன் சேர்ந்தே வந்தது. காணாமலாக்கப்பட்ட மகனின் தாய்க்கு அப்படியான ஒருமை எங்கிருந்து வரும்? அவளது காலம் ஒரு திகதியில் நின்றுவிட்டது. அதை அமைதிக்குக் கொண்டுவருவது மருத்துவத்தின் வேலையல்ல. அந்தத் திகதிக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

இதிலிருந்து நடைமுறைக்குரிய சில கோரிக்கைகள் பிறக்கின்றன. எமது முதியோர் பற்றி இங்குள்ள பல்கலைக்கழகங்களும் நகரசபைகளும் எமது சங்கங்களும் நடத்தும் ஆய்வுகளில் 'உமக்கு எத்தனை வயது' என்ற கேள்விக்கு அருகே, அந்த ஆண்டுகள் எங்கு கழிந்தன, எந்த வேலையில், எந்த அனுமதிப்பத்திரத்துடன், எவரை இழந்து என்ற கேள்விகளும் இருக்கவேண்டும். பெண்களின் ஆண்டுகள் கணவரின் ஆண்டுகளுக்குள் மறையாமல் தனியே எழுதப்பட வேண்டும். ஞாபகமறதிச் சோதனையில் பிழைக்கும் ஒருவர் மறந்தாரா, அல்லது அந்த மொழியில் அந்தச் சொல்லை ஒருபோதும் பெற்றிருக்கவில்லையா என்று கேட்கப்பட வேண்டும். சியாற்றில் ஆய்வு தந்த பாடம் இது. அதைப் படிக்க எமக்கு இன்னொரு அரை நூற்றாண்டு தேவையில்லை.

வயது போனவர்கள் என்று நாம் சொல்பவர்களிடமிருந்து வயது மட்டும் போகவில்லை. போனவை எவை, கொண்டுபோனவர் எவர் என்று எழுதாத முதுமையியல் எமக்கு உதவாது. அதை எழுதும் பொறுப்பு எம்மிடமும் இருக்கிறது. இக்கருத்துக்களுடன் உடன்படாதவர்கள், குறிப்பாக முதியோர் பராமரிப்பில் வேலை செய்யும் தோழர்கள், தங்கள் வாதங்களுடன் வருவார்களாயின் இவ்விவாதம் முன்னோக்கி நகரும்.